எழுநூறு திர்ஹம்

சஜா லேபர் கேம்ப், சி பிளாக், அறை பதினேழு.
பத்துப் பேருக்கு மெஸ் கணக்கு எழுதுகிறவன் நான்.
தேர்தல் முடிவு வந்த ராத்திரி வரைக்கும்
தலைக்கு இருநூற்றுப் பத்து திர்ஹம்.
ஒரு சிலிண்டர், ஒரு ஃப்ரிட்ஜ்,
கையைச் சுட்டுக்கொண்டே சமைக்கும் ஒரே பிச்சைக்கனி.

ஓட்டுப் போட ஒருத்தனும் ஊருக்குப் போகவில்லை.
இருபது கையிலும் தேடினாலும்
ஒரு நகத்தில் மை கிடையாது.
ஆனாலும் செல்போன் வெளிச்சத்தில்
ஏசி பக்கத்துக் கட்டில்கள் ஜெயித்தன,
கதவுப் பக்கத்துக் கட்டில்கள் தோற்றன.
இருளப்பன் விசிலடித்தான்.
அமலதாஸ் சாம்பார் வாளியை உதைத்தான்.
யார் பக்கமும் சாயாமல்
நடுத்தரையில் ஓடியது சாம்பார்.
வாட்ச்மேன் வந்து கேட்டதற்கு
'கிரிக்கெட்' என்றோம் பத்துப் பேரும்.
ஒன்றாகச் சொன்ன கடைசிப் பொய்.

மறுநாள் சமையலறைத் தரையில்
மஞ்சள் டேப் ஒட்டினார்கள்.
சைட்டில் பள்ளத்தைச் சுற்றி ஒட்டுகிற அதே டேப்.
ரெண்டு மெஸ். ரெண்டு ஃப்ரிட்ஜ், பாதி காலி.
மொத்தமாக வந்த அரிசி
சில்லறையாக வர ஆரம்பித்தது.
பிச்சைக்கனி அந்தப் பக்கம் போய்விட்டதால்
இந்தப் பக்கத்துக்கு ஒரு வங்காளிப் பையன்,
அவனுக்குத் தனிச் சம்பளம்.
தலைக்கு இருநூற்றெண்பது.

பத்தெழுபது எழுநூறு.
மாதாமாதம் இந்த எழுநூறை யார் தின்றது?
கறி கூடவில்லை. மீன் துண்டு சிறுத்துத்தான் போயிருக்கிறது.
ஜெயித்தவன் தட்டிலும் இல்லை, தோற்றவன் தட்டிலும் இல்லை.
வரவுப் பக்கம் பார்த்தேன், செலவுப் பக்கம் பார்த்தேன்.
ரெண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து நான் கிழித்த கோட்டில்தான்
ஒழுகியிருக்க வேண்டும்.

சாப்பாடாவது பரவாயில்லை. சீட்டும் போயிற்று.
ஆளுக்கு ஐந்நூறு, பத்துப் பேர், ஐயாயிரம்.
பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை,
வாய்ச்சொல்தான் வங்கி.
ஆறாம் மாதம் அமலதாஸ் முறை,
மகளுக்கு நர்சிங் காலேஜ் கட்டணம்.
'அவங்க ஆளுக்கு நான் எதுக்குக் கட்டணும்?'
கேட்டவன் இருளப்பன்.
முதல் மாதமே சீட்டெடுத்து வீட்டுக்கு மாடி போட்டவன்.
காலேஜ் காத்திருக்கவில்லை.
அந்தப் பெண் இப்போது ஜவுளிக்கடையில்
பகல் முழுக்க நின்றபடி சேலை விரிக்கிறாள்.
ஊரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில்
இனி எவனோ ஒருவன்
ஊசி போட ஆளில்லாமல் கிடப்பான்.
அவன் எந்தக் கட்சியோ.

சூப்பர்வைசர் கஸ்ஸான், பெய்ரூத்காரர்,
ரூம் செக்கிங்குக்கு வந்தார்.
டேப்பைப் பார்த்தார். ரெண்டு ஃப்ரிட்ஜையும் திறந்து பார்த்தார்.
திட்டுவார் என்று நின்றோம்.
பர்ஸிலிருந்து ஒரு பேங்க் கார்டை எடுத்தார்.
'இருபது வருஷச் சம்பளம் இதுக்குள்ள.
திரையில் தெரியும், கைக்கு வராது'
என்றார், அரபியும் ஹிந்தியும் கலந்து.
'எங்க ஊர்லயும் ஆளுக்கொரு அடுப்புதான்
கேட்டாங்க, ஆரம்பத்துல.'
பிறகு குனிந்து
அந்தக் கார்டின் விளிம்பால்
டேப்பின் ஓரத்தைச் சுரண்டினார்,
இதற்காவது ஆகுமா என்பதுபோல.
கொஞ்சம் கிளம்பியது.
அவர் போனதும் யாரோ
மிதித்து ஒட்டிவிட்டார்கள்.

சம்பள வெள்ளி. ரோல்லாவில் எக்ஸ்சேஞ்ச்.
டோக்கன் நாற்பத்தொன்று இருளப்பன்,
நாற்பத்திரண்டு அமலதாஸ்.
அடுத்தடுத்த நாற்காலி, எதிரெதிர் முகம்.
சிவப்பு எழுத்துப் பலகை ஒருமுறை கண் சிமிட்டியது:
நம்ம ரூபாய் இன்னும் பதினைந்து காசு விழுந்திருக்கிறது.
அண்ணாந்து பார்த்த ரெண்டு முகத்திலும்
ஒரே நொடியில்
ஒரே சிரிப்பு.

எனக்கும் வந்தது.
டோக்கன் நாற்பத்து மூன்று.